தொகைப் பெட்டியை எதில் எழுதுவது? யுஐ காம்போனென்ட் வரையறுக்கும் நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

புதிய புராஜெக்ட் தொடங்கிய முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்து நிற்கும். பட்டன், உள்ளீட்டுப் பெட்டி, பாப்-அப், டேப் என்று பத்துப் பதினைந்து உருப்படிகள் (யுஐ காம்போனென்ட்கள், அதாவது திரையில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள்) எல்லாப் பக்கங்களிலும் வரப்போகின்றன. ஒருமுறை எழுதி எங்கும் பயன்படுத்த வேண்டும். சர்வர் டெம்ப்ளேட்டில் (சர்வரிலேயே பக்கத்தை உருவாக்கும் அச்சு) எழுதுவதா, ரியாக்ட், வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்குகளிலா, பிரவுசரே தரும் கஸ்டம் எலிமென்ட்டா? குழுவில் யாருக்கு எது பழக்கமோ அதைச் சொல்வார்கள். அன்றைக்கு அது சரியாகவும் தோன்றும். இரண்டு வருடம் கழித்து, வேறொரு குழு வேறொரு தொழில்நுட்பத்தில் எழுதிய பக்கத்துக்கு அதே பெட்டியைக் கேட்கும்போதுதான் அந்த முடிவின் விலை தெரியும்.

பொதுவாகப் பேசினால் எல்லா வழியும் நல்ல வழியாகவே தெரியும். அதனால் ஒரே ஓர் உருப்படியை எடுத்துக்கொள்வோம்: பணத் தொகையை வாங்கும் பெட்டி. மேலே ‘கடன் தொகை’ என்று தலைப்பு, இடப்பக்கம் ₹ குறி, நடுவில் உள்ளீடு, கீழே ஓர் உதவி வரி, தவறு இருந்தால் சிவப்பில் ஒரு பிழை வரி. 100000 என்று அடித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனால் 1,00,000 என்று காட்ட வேண்டும். படிவம் சர்வருக்குப் போகும்போது 100000 என்றே பதிவாக வேண்டும். ஒரே பக்கத்தில் இப்படி மூன்று பெட்டிகள் வரலாம்.

## எதில் எழுதினாலும் மாறாதவை

முதலில் இவற்றைச் சரிசெய்துவிடுங்கள். இங்கே வரும் தவறுகளை எந்த ஃபிரேம்வொர்க்கும் காப்பாற்றாது.

உள்ளீட்டின் டைப்பை ‘நம்பர்’ என்று வைக்க வேண்டாம். அது காற்புள்ளியை ஏற்காது. பெட்டிக்குள் கர்சர் இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் சில பிரவுசர்களில் தொகையே மாறிவிடலாம். டைப்பை ‘டெக்ஸ்ட்’ ஆக வைத்து, இன்புட்மோட் ஆட்ரிபியூட்டில் ‘டெசிமல்’ கொடுத்தால் கைபேசியில் எண் பலகை திறக்கும், காற்புள்ளிச் சிக்கலும் இல்லை.

காற்புள்ளியை நீக்கும் வரியைக் கவனமாகப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் ரீப்ளேஸுக்குச் சாதாரண சரமாகக் காற்புள்ளியைக் கொடுத்தால் முதல் காற்புள்ளி மட்டுமே போகும். 1,00,000 என்பது 100,000 ஆகும். அதை பார்ஸ்இன்ட்டுக்குக் கொடுத்தால் அடுத்த காற்புள்ளியிலேயே நின்று 100 என்று திருப்பித் தரும். ஒரு லட்சம் ரூபாய் நூறு ரூபாயாகிவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது. ரீப்ளேஸ்ஆல் பயன்படுத்துங்கள், பார்ஸ்இன்ட்டுக்குப் பதில் நம்பர் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். மிச்சமாக ஒரு காற்புள்ளி இருந்தால்கூட அது ‘நேன்’ (எண் அல்ல) என்று சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடும். சர்வரிலும் காற்புள்ளி நீக்கும் வரி கட்டாயம் இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் இறங்காத பக்கத்தில் பயனர் கையால் காற்புள்ளி போட்டு அனுப்பலாம்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இன்னொன்று. இன்புட்டும் பட்டனும் இயல்பாகப் பக்கத்தின் ஃபாண்ட்டை எடுத்துக்கொள்ளாது. பக்கம் முழுதும் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்க, பட்டனில் மட்டும் எழுத்து வேறு மாதிரி தெரிந்தால் காரணம் இதுதான். ‘ஃபாண்ட்’ பண்புக்கு ‘இன்ஹெரிட்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரியை எங்கே எழுதுவது என்பது வழிக்கு வழி மாறும்.

## எதை வைத்து எடைபோடுவது

என் கணிப்பில் அளவுகோல்கள் ஐந்து. முதல் இரண்டும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும்.

1. பக்கத்தின் எச்டிஎம்எல் எங்கே உருவாகிறது: சர்வரிலா, பிரவுசரிலா?
2. இந்தக் காம்போனென்ட்டை எத்தனை வகை புராஜெக்ட்கள் பயன்படுத்தப்போகின்றன?
3. படிவம், தலைப்பு, பிழைச் செய்தி, திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள்) ஆகியவை இயல்பாக வேலை செய்கின்றனவா?
4. ஸ்டைல் எவ்வளவு கசிகிறது, எவ்வளவு தடுக்கப்படுகிறது?
5. இறக்க வேண்டிய எடை, பில்ட் கருவிகள் (கோடைப் பிரவுசருக்கு ஏற்ப மாற்றித் தருபவை), பதிப்பு மாறும்போது வரும் வேலை.

‘எழுத எது சுகம்’ என்பதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். காம்போனென்ட்டை எழுதுவது ஒருமுறை. அழைப்பது ஆயிரம் முறை.

## வழி 1: சர்வர் டெம்ப்ளேட்

பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெலின் பிளேடு, பைதான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் இன்க்ளூட், ஜிஞ்ஜாவின் மேக்ரோ எல்லாம் இந்த வகை. எச்டிஎம்எல் துண்டை ஒரு கோப்பில் வைத்து, தலைப்பு, பெயர், மதிப்பு, பிழை ஆகியவற்றை வெளியிலிருந்து கொடுக்கிறோம். லாராவெல் 7 வந்த 2020 முதல் பிளேடில் ‘எக்ஸ்-’ என்று தொடங்கும் டேக் போலவே காம்போனென்ட்டை அழைக்கலாம்.

வெளிவருவது சாதாரண எச்டிஎம்எல் என்பதால் படிவமும் தலைப்பும் பிரவுசரின் இயல்பிலேயே ஓடும். தலைப்பின் ‘ஃபார்’ மதிப்பும் இன்புட்டின் ஐடியும் பொருந்தினால் போதும். பிழை வரிக்கு ஓர் ஐடி கொடுத்து, இன்புட்டின் ஏரியா-டிஸ்கிரைப்ட்பை ஆட்ரிபியூட்டில் அதைச் சேர்த்தால் திரைவாசிப்பான் பிழையையும் சேர்த்தே படிக்கும். ஐடிகள் மோதாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு. ஃபீல்டின் பெயரை முன்னொட்டாக வைப்பது எளிய வழி.

ஜாங்கோவில் விழும் குழி: இன்க்ளூட் செய்யப்படும் துண்டுக்குப் பக்கத்தின் மாறிகள் எல்லாமே போய்ச்சேரும். பக்கத்தில் ‘எரர்’ என்று ஒரு மாறி இருந்தால், நீங்கள் எதையும் கொடுக்காத பெட்டியிலும் அந்தப் பிழை சிவப்பில் வந்து நிற்கும். இன்க்ளூட்டின் கடைசியில் ‘ஒன்லி’ என்ற சொல்லைச் சேர்த்தால் கொடுத்தவை மட்டுமே போகும். பிளேடில் வேறு குழி: ஆட்ரிபியூட்டுக்கு முன் முக்காற்புள்ளி வைத்தால் அது பிஎச்பி கோவை, வைக்காவிட்டால் வெறும் எழுத்து. மறந்தால் பெட்டியில் மாறியின் பெயரே மதிப்பாகக் காட்சியளிக்கும்.

மறைந்திருக்கும் செலவு நடத்தைப் பகுதியில்தான். 1,00,000 என்று மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் தனிக் கோப்பில் இருக்கும். பக்கம் ஏறியதும் எல்லாத் தொகைப் பெட்டிகளையும் தேடி ஈவென்ட்டை (பயனர் செய்வதைக் கவனித்து ஓடும் கோடு) மாட்டும். ‘இன்னொரு கடன் சேர்’ பட்டனை அழுத்தி, சர்வரிலிருந்து புதிய துண்டு வந்து சேர்ந்தால் அந்தப் பெட்டிக்கு எதுவும் மாட்டியிருக்காது. முதல் இரண்டு பெட்டிகளில் காற்புள்ளி விழும், மூன்றாவதில் விழாது. சோதனையில் தப்பி, பயனர் கையில் சிக்கும் வகைத் தவறு இது. இதற்கான மருந்து நான்காம் வழியில் இருக்கிறது.

## வழி 2: ரியாக்ட்

ரியாக்ட் 2013 மே மாதம் திறமூலமாக வந்தது. 2019-இல் 16.8 பதிப்பில் ஹூக்குகள் (ஃபங்ஷனுக்குள்ளிருந்தே ரியாக்டின் வசதிகளைப் பயன்படுத்தும் வழி) வந்தபின் கிளாஸ் காம்போனென்ட் எழுதும் வழக்கம் போய், ப்ராப்ஸை (வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகள்) வாங்கி மார்க்கப்பை (எச்டிஎம்எல் துண்டு) திருப்பித் தரும் ஃபங்ஷன்தான் காம்போனென்ட் என்றாகிவிட்டது. முழுத் திரையும் ஒரே ஸ்டேட்டை (செயலி நினைவில் வைத்திருக்கும் மதிப்புகள்) சுற்றி இயங்கும் செயலிகளில் (கடன் தொகை மாறினால் தவணை, வட்டி, வரைபடம் எல்லாம் உடனே மாற வேண்டும் என்றால்) இதன் பலம் தெரியும். பெட்டிக்குள் பெட்டியாகக் கோப்பது இயல்பு. டைப்ஸ்கிரிப்ட்டோடு சேர்ந்தால் தவறான ப்ராப்பை எடிட்டரே பிடித்துவிடும். ஐடி மோதலுக்கு 18-ஆம் பதிப்பு முதல் யூஸ்ஐடி ஹூக் இருக்கிறது.

தொகைப் பெட்டியில் அடிக்கடி உடைபவை மூன்று.

காம்போனென்ட்டை இன்னொரு காம்போனென்ட்டின் உள்ளே வரையறுப்பது முதலாவது. படிவ ஃபங்ஷனுக்குள்ளேயே தொகைப் பெட்டி ஃபங்ஷனையும் எழுதிவிட்டால், ஒவ்வொரு ரெண்டரிலும் (திரையை மறுபடி வரையும்போது) அது புதிய ஃபங்ஷன். ரியாக்டின் கண்ணுக்கு அது வேறு வகைக் காம்போனென்ட். பழைய இன்புட்டை அழித்துப் புதியதை வைக்கும். பயனர் ‘1’ அடித்ததும் கர்சர் காணாமல் போகும், அடுத்த ‘0’ எங்கும் விழாது. ஒவ்வொரு எழுத்துக்கும் மறுபடி கிளிக் செய்ய வேண்டியிருக்கிறதா? முதலில் இதைச் சந்தேகியுங்கள். வரையறையைக் கோப்பின் மேல்மட்டத்துக்கு நகர்த்தினால் தீர்ந்தது.

தட்டும்போதே காற்புள்ளி போட முயல்வது இரண்டாவது. அடித்த மதிப்பும் ஸ்டேட் தரும் மதிப்பும் வேறுபட்டதும் கர்சர் கடைசிக்குக் குதிக்கும். நடுவில் ஒரு பூஜ்யத்தைத் திருத்த நினைப்பவர் தவித்துப்போவார். பெட்டியை விட்டு வெளியேறும் ‘ப்ளர்’ நேரத்தில் மட்டும் காற்புள்ளி போடுங்கள்; உள்ளே வந்ததும் வெறும் எண்ணைக் காட்டுங்கள்.

மூன்றாவது, சர்வரில் ரெண்டர் செய்பவர்களுக்கு. டுலோக்கேல்ஸ்ட்ரிங் அழைக்கும்போது மொழியைக் குறிப்பிடாவிட்டால், அமெரிக்க அமைப்பில் ஓடும் சர்வர் 100,000 என்று எழுதும், இந்திய அமைப்பிலுள்ள பிரவுசர் 1,00,000 என்று எழுதும். ஹைட்ரேஷன் (சர்வர் தந்த எச்டிஎம்எல்லோடு ரியாக்ட் இணைவது) பொருந்தவில்லை என்று கன்சோல் எச்சரிக்கும். இந்தியத் தமிழுக்கான மொழிக்குறியை வெளிப்படையாகக் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகும்.

எடையைப் பார்த்தால், ரியாக்டும் ரியாக்ட்-டாமும் சேர்ந்து சுருக்கி அனுப்பினாலும் 40 கிலோபைட்டுக்குக் குறையாது. ஏற்கெனவே ரியாக்டில் இருக்கும் செயலிக்கு அது பழைய கணக்கு. சர்வர் டெம்ப்ளேட்டில் ஓடும் தளத்துக்கு ஒரு தொகைப் பெட்டிக்காக அதைக் கொண்டுவருவது நியாயமே இல்லாத செலவு. இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள்: ரியாக்டில் எழுதிய காம்போனென்ட் நூலகம் ரியாக்ட் குழுக்களுக்கு மட்டுமே நூலகம்.

## வழி 3: வியூ

டெம்ப்ளேட், ஸ்கிரிப்ட், ஸ்டைல் மூன்றும் ஒரே கோப்பில் இருப்பது வியூவின் அழகு. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் தெரிந்த வடிவமைப்பாளர் அந்தக் கோப்பைத் திறந்து பயமில்லாமல் திருத்தலாம். கலவையான குழுக்களுக்கு இது பெரிய லாபம். 3.4 பதிப்பு முதல் டிஃபைன்மாடல் வந்ததால், தொகைப் பெட்டியை வி-மாடலோடு (மதிப்பை இரு திசையிலும் இணைக்கும் வியூ வசதி) இணைக்க ஒரே வரி போதும்.

ஒரு பொறி மட்டும். காம்போனென்ட்டுக்குக் கொடுத்து, ப்ராப் என்று அறிவிக்காத ஆட்ரிபியூட்கள் எல்லாம் வெளி உறுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பிளேஸ்ஹோல்டரோ ஆட்டோகம்ப்ளீட்டோ கொடுத்தால் அது சுற்றியிருக்கும் டிவ்வில் விழுந்து வீணாகும். இன்ஹெரிட்ஆட்ரிஸை ‘ஃபால்ஸ்’ ஆக்கி, உள்ளே இருக்கும் இன்புட்டில் அவற்றை வி-பைண்ட் மூலம் கையால் மாட்டுங்கள். ஸ்கோப்ட் ஸ்டைலும் (அந்தக் காம்போனென்ட்டுக்கு மட்டும் என்று எழுதும் ஸ்டைல்) முழுச் சுவர் இல்லை: குழந்தைக் காம்போனென்ட்டின் வெளி உறுப்பை அது தொடும்.

பதிப்புச் செலவும் உண்டு. வியூ 2-க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-இல் முடிந்தது. வியூ 2-இல் நூலகம் கட்டியிருந்தவர்கள் அதை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. ஸ்வெல்ட் என்ற ஃபிரேம்வொர்க்கும் இதே குடும்ப நியாயத்தில்தான் வரும். கம்பைலர் என்பதால் இறங்கும் கோடு சிறிது. ஆனால் 2024 அக்டோபரில் வந்த 5-ஆம் பதிப்பு ஸ்டேட் எழுதும் முறையையே மாற்றியது.

## வழி 4: கஸ்டம் எலிமென்ட்

பிரவுசரிலேயே உள்ள வசதி. எச்டிஎம்எல்எலிமென்ட்டை நீட்டித்து ஒரு கிளாஸ் எழுதி, ‘thogai-petti’ என்பதுபோல நடுவில் சிறுகோடு உள்ள ஒரு பெயரில் பதிவு செய்கிறோம். சிறுகோடு கட்டாயம். 2018-இல் ஃபயர்ஃபாக்ஸ் 63-உம், 2020 தொடக்கத்தில் குரோமியத்துக்கு மாறிய எட்ஜும் வந்தபின் எல்லா முதன்மை பிரவுசர்களிலும் ஓடுகிறது. இன்புட், பட்டன் போன்ற இருக்கும் உறுப்பையே ‘இஸ்’ ஆட்ரிபியூட்டால் நீட்டிக்கும் கிளைவழியை மட்டும் தொடாதீர்கள். சஃபாரி அதை ஏற்கவில்லை.

இந்த வழிக்குள் இரண்டு வேறு வழிகள் இருக்கின்றன. இதைப் பிரிக்காமல் பேசுவதால்தான் குழப்பமே.

### ஷாடோ டாமோடு

ஷாடோ டாம் என்பது உறுப்புக்குள் பிரவுசர் தரும் தனி அடைப்பு. உள்ளே இருக்கும் மார்க்கப் தனித் தீவாகிவிடும். வெளி சிஎஸ்எஸ் விதிகள் உள்ளே நேரடியாகப் பொருந்தாது, உள் சிஎஸ்எஸ் வெளியே போகாது. யாருடையது என்றே தெரியாத பிற தளங்களில் ஒட்டப்படும் விட்ஜெட்டுக்கு இது கோட்டைச் சுவர். படிவ உறுப்புக்கோ, சுவரே சிக்கல்.

வெளியிலுள்ள தலைப்பின் ‘ஃபார்’ உள்ளே இருக்கும் இன்புட்டின் ஐடியை எட்டாது, ஏரியா-டிஸ்கிரைப்ட்பையும் எட்டாது. உள்ளே உள்ள இன்புட் வெளிப் படிவத்தைச் சேர்ந்ததாகவே கணக்காகாது: மதிப்பு சர்வருக்குப் போகாது, என்ட்டர் அழுத்தினால் படிவம் நகராது. கிளாஸில் ஃபார்ம்அசோசியேட்டடை ‘ட்ரூ’ என்று அறிவித்து, அட்டாச்இன்டர்னல்ஸ் வாங்கி, மதிப்பு மாறும்போதெல்லாம் செட்ஃபார்ம்வேல்யூ அழைக்க வேண்டும். சஃபாரியில் இது 2023-இல் வந்த 16.4 முதல்தான். என்ட்டருக்கு நீங்களே படிவத்தின் ரிக்வெஸ்ட்சப்மிட்டை அழைக்க வேண்டும். ‘இன்புட்’ ஈவென்ட் ஷாடோவைத் தாண்டி வெளியே வரும், ‘சேஞ்ச்’ ஈவென்ட் வராது. மறுபடி எறிய வேண்டும். மேலே சொன்ன ஃபாண்ட் வரியையும் உள்ளேயே மறுபடி எழுத வேண்டும். ஃபாண்ட்-ஃபேஸ் விதியையோ முதன்மைப் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸில்தான் வைக்க வேண்டும். உள்ளே எழுதினால் தமிழ் எழுத்துரு இறங்காது. நிறம், இடைவெளி போன்றவற்றை வெளியிலிருந்து மாற்ற சிஎஸ்எஸ் மாறிகள் சுவரைத் தாண்டும்.

ஒரு தொகைப் பெட்டிக்கு இத்தனை வேலை. லிட் நூலகம் சுமார் 5 கிலோபைட்டில் ரெண்டர் வேலையைச் சுலபமாக்கும். படிவ வேலையைக் குறைக்காது.

### ஷாடோ டாம் இல்லாமல்

இங்கே கஸ்டம் எலிமென்ட் மார்க்கப்பை உருவாக்குவதில்லை. சர்வர் தந்த தலைப்பு, இன்புட், பிழை வரி மூன்றையும் சுற்றி ஓர் உறையாக நிற்கிறது. நடத்தையை மட்டும் சேர்க்கிறது. வழி 1-இல் பார்த்த மூன்றாவது பெட்டிச் சிக்கலுக்கு மருந்து இதுதான். புதிய துண்டு பக்கத்தில் சேர்ந்த கணமே பிரவுசர் கனெக்டட்கால்பேக்கை அழைக்கிறது; தேடி மாட்டும் வேலை இல்லை. ஸ்கிரிப்ட் இறங்காவிட்டாலும் உள்ளே இருப்பது சாதாரண இன்புட், படிவம் போகும். ஃபாண்ட்டும் ஸ்டைலும் பக்கத்திலிருந்து இயல்பாக வரும்.

கவனிக்க வேண்டியவை: ஸ்கிரிப்ட்டை ‘மாட்யூல்’ டைப்பில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் குழந்தை உறுப்புகள் வருமுன்னே கால்பேக் ஓடி, இன்புட் கிடைக்காமல் உடையும். உறுப்பை இடம் மாற்றினால் கால்பேக் மறுபடி ஓடும். மாட்டிய ஈவென்ட்டை டிஸ்கனெக்டட்கால்பேக்கில் கழற்றிவிடுங்கள். கஸ்டம் எலிமென்ட் இயல்பில் ‘இன்லைன்’ என்பதால் ‘டிஸ்பிளே’ பண்பை ‘பிளாக்’ என்று எழுதாவிட்டால் அகலமும் இடைவெளியும் கலையும். ஒரே பெயரை இரண்டுமுறை பதிவு செய்தால் பிழை எறியும். ஒரே பக்கத்தில் நூலகத்தின் இரண்டு பதிப்புகள் ஏறினால் இதுதான் நடக்கும்.

ரியாக்டுக்குள் பயன்படுத்துவது பற்றி: 19-ஆம் பதிப்புக்கு முன் ஆப்ஜெக்ட் கொடுத்தால் அது எழுத்துச் சரமாகிவிடும், தனி ஈவென்ட்களை ரெஃப் (உறுப்பை நேரடியாகப் பிடிக்கும் ரியாக்ட் வசதி) வழியாகக் கையால் மாட்ட வேண்டும். 2024 டிசம்பரில் வந்த 19 இதைச் சரிசெய்தது. ஆனாலும் ரியாக்ட் பராமரிக்கும் குழந்தை உறுப்புகளை உங்கள் உறை கூட்டவோ நீக்கவோ கூடாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சர்வர் டெம்ப்ளேட் | ரியாக்ட் | வியூ | கஸ்டம், ஷாடோவோடு | கஸ்டம், ஷாடோ இல்லாமல் |
|---|---|---|---|---|---|
| எச்டிஎம்எல் உருவாகும் இடம் | சர்வர் | பிரவுசர். சர்வரிலும் முடியும் | பிரவுசர். சர்வரிலும் முடியும் | பெரும்பாலும் பிரவுசர் | சர்வர் தருவது அப்படியே |
| வேறு புராஜெக்ட்டில் பயன் | அதே சர்வர் மொழி மட்டும் | ரியாக்ட் மட்டும் | வியூ. கஸ்டம் எலிமென்ட்டாகவும் மாற்றலாம் | எங்கும் | எங்கும், மார்க்கப்பைத் தந்தால் |
| படிவம், தலைப்பு | இயல்பு | இயல்பு | இயல்பு | கையால் கட்ட வேண்டும் | இயல்பு |
| ஸ்டைல் தடுப்பு | இல்லை | தனிக் கருவி வேண்டும் | ஓரளவு | ஏறக்குறைய முழுமை | இல்லை |
| பில்ட் | வேண்டாம் | வேண்டும் | வேண்டும் | கட்டாயமில்லை | வேண்டாம் |
| மறைந்த செலவு | புதிதாகச் சேரும் துண்டுகள் | எடை, பதிப்பு மாற்றம் | பதிப்பு மாற்றம் | அணுகல்தன்மை | மார்க்கப் ஒழுங்கு |

## யார் எதை எடுக்கலாம்

தளம் லாராவெலிலோ ஜாங்கோவிலோ ஓடுகிறது, பெரும்பாலும் படிவங்களும் பட்டியல்களும்தான் என்றால்: மார்க்கப்புக்குச் சர்வர் டெம்ப்ளேட், நடத்தைக்கு ஷாடோ இல்லாத கஸ்டம் எலிமென்ட். இந்தச் சேர்க்கையைப் பலர் யோசிப்பதே இல்லை. தொகைப் பெட்டி போன்ற உருப்படிக்கு இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு உறுதி வேறெதிலும் கிடைக்காது.

முழுச் செயலியும் ஒரே குழுவின் கையில், திரைக்குள் நிறைய ஊடாட்டம் என்றால் ரியாக்ட் அல்லது வியூ. இரண்டில் எது என்பதை உங்கள் ஊரில் எதற்கு ஆள் கிடைக்கும், குழுவில் வடிவமைப்பாளர்கள் கோடைத் தொடுவார்களா என்பவற்றை வைத்து முடிவு செய்யுங்கள்.

நான்கைந்து குழுக்கள், ஆளுக்கொரு தொழில்நுட்பம், எல்லோருக்கும் ஒரே தோற்றம் வேண்டும் என்றால் கஸ்டம் எலிமென்ட் நூலகம். அதிலும் பேட்ஜ், அட்டை, பாப்-அப் போன்றவற்றுக்கு ஷாடோ வைத்துக்கொள்ளலாம். படிவ உறுப்புகளுக்கு வேண்டாம். பிற தளங்களில் ஒட்டும் விட்ஜெட்டுக்கு ஷாடோ டாம், தயக்கமில்லாமல்.

இன்னும் இரண்டு வழிகளுக்கு நடுவே நிற்கிறீர்கள் என்றால், அரை நாள் ஒதுக்கி அதே தொகைப் பெட்டியை இரண்டிலும் எழுதிப் பாருங்கள். ஒரே பக்கத்தில் மூன்று பெட்டிகளை வைத்து மூன்றாவதின் தலைப்பைக் கிளிக் செய்யுங்கள். கர்சர் மூன்றாவதுக்குள் போக வேண்டும். என்ட்டர் அழுத்திப் படிவத்தை அனுப்பி, சர்வரில் வந்து சேர்ந்த மதிப்பைப் பாருங்கள். பிரவுசரில் ஸ்கிரிப்ட்டைத் தடுத்துவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். பிழையை வரவழைத்து, விண்டோஸில் என்விடிஏ அல்லது ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் அதைப் படிக்கிறதா என்று கேளுங்கள். கடைசியாக, தலைப்பை ‘மாதந்தோறும் திருப்பிச் செலுத்தும் தவணைத் தொகை’ என்று மாற்றி, திரை அகலத்தை 320 பிக்சலுக்குக் குறையுங்கள். தலைப்பு இரண்டு வரியாக மடங்கி, மேல்வரியின் உகரக் கொக்கிகளும் கீழ்வரியின் மேற்புள்ளிகளும் மோதாமல் நிற்க வேண்டும். மோதினால் வரி உயரத்தை 1.5-க்கு உயர்த்துங்கள்.